‘அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?’ - மரம் ஏறுபவருக்கு நியாயமான கூலி எவ்வளவு? தருமபுரி சொல்லும் கணக்கு

தை முடிந்து மாசி பிறந்தால் தருமபுரி மாவட்டத்துச் சாலையோரங்களில் ஒரு சத்தம் கேட்கும். மேலே கிளை குலுங்கும். கீழே விரித்திருக்கும் தார்ப்பாயில் புளியம்பழம் சடசடவெனக் கொட்டும். பைக்கில் போகிறவர்கள் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள். ஐம்பது, அறுபது அடி உயரத்தில், இடுப்பில் கயிறுகூட இல்லாமல், ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கம்பு வீசிக்கொண்டிருப்பார் ஒருவர்.

அவர் யாருடைய ஊழியர்? நிலத்துக்காரருடையவரா? மரத்தின் பலனைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரியுடையவரா? இல்லை, யாருடைய ஊழியரும் இல்லையா? இன்றைக்கு இந்த மரம், நாளைக்குப் பக்கத்து ஊரில் தென்னந்தோப்பு, அடுத்த வாரம் வேறொரு வியாபாரி. நகரத்தில் இதற்கு ‘ஃப்ரீலான்ஸர்’ என்று பெயர். கிராமத்தில் பெயரே கிடையாது. கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான்.

கேட்க வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அவர் கீழே விழும் நாளில், குடும்பத்துக்குக் கிடைப்பது பல லட்சமா, ஒன்றுமே இல்லையா என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது.

யார் யார் இதில் இருக்கிறார்கள்?

தருமபுரியில் மரம் ஏறும் வேலை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம், அரூர் பக்கத் தென்னந்தோப்புகளில் தேங்காய் வெட்டுவது. இது ஆண்டு முழுக்க நடக்கும். ஒரு தோப்பில் சுமார் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டு. இன்னொன்று, புளி உலுக்குவது. இது மாசி, பங்குனி, சித்திரை சீசன் வேலை. பட்டா நிலத்து மரங்கள், ஊராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் ஏலம் விடும் சாலையோர மரங்கள், சித்தேரி மாதிரி மலைப்பகுதி மரங்கள் என்று எல்லா இடத்திலும் ஆள் தேவைப்படும். அங்கங்கே பனையும் உண்டு. 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், பனை ஏறுபவருக்குப் பதநீரும் நுங்கும்தான் மிச்சம்.

இதில் பணம் போகிற பாதை இப்படி இருக்கும்: வியாபாரி மரத்துக்காரரிடம் ஒரு மொத்தத் தொகை பேசி, சீசன் பலனை வாங்கிக்கொள்வார். சில நேரம் பூவைப் பார்த்தே விலை பேசிவிடுவார்கள். பிறகு ஏறுவதற்கு ஆள், பொறுக்குவதற்குப் பெண்கள், ஏற்றிப் போக வண்டி. புளி என்றால் ஓடு உடைத்து, கோது உரித்து, கொட்டை எடுக்கும் வேலை தனி. அதையும் பெரும்பாலும் பெண்கள்தான், கிலோ கணக்கில் கூலிக்குச் செய்கிறார்கள். (மரத்தில் ஏறாத இவர்களுடைய கூலி இன்னும் குறைவு. அது தனியாக எழுத வேண்டிய கதை.)

ஏறுபவருக்குக் கூலி மூன்று விதமாகப் பேசப்படும்: மரத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு, அல்லது இறக்கிய காயில் ஒரு பங்கு. மூன்றிலும் பொதுவான விஷயம் ஒன்றுதான். எதுவும் எழுத்தில் இருக்காது.

வியாபாரி தரப்பில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் இந்தப் பிரச்சினை புரியாது.

புளியமரம் ஓராண்டு அள்ளிக் கொடுக்கும், மறு ஆண்டு ஏமாற்றும். குத்தகைப் பணம் கைவிட்டுப் போன பிறகு காய் பிடிக்காவிட்டால் நட்டம் முழுக்க வியாபாரிக்கு. பழுத்த நேரத்தில் கோடை மழை பெய்தால் பழம் கறுத்துவிடும், விலை விழுந்துவிடும். குளிர்பதனக் கிடங்கு வாடகை, வண்டி வாடகை, வட்டி எல்லாம் அவர் தலையில். தென்னையில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, இன்று தென்னை இருக்கும் ஊரெல்லாம் தெரிந்த பெயர். மழை பொய்த்தால் தருமபுரி மாதிரி வறண்ட மாவட்டத்தில் தோப்பே காய்ந்துபோகும். அம்பது மரம் வைத்திருக்கும் சிறு விவசாயியை ‘முதலாளி’ என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

‘ரிஸ்க் எடுக்கிறது நான். லாபமும் எனக்குத்தானே வரணும்?’ என்பதுதான் வியாபாரியின் வாதம். பிசினஸ் பாடத்தில் இது சரியான விடை.

ஆனால் அந்த வாதத்தில் ‘ரிஸ்க்’ என்ற சொல் பணத்தை மட்டும் குறிக்கிறது. மரத்தில் இன்னொரு ரிஸ்க் ஏறி நிற்கிறது. பட்டுப்போன கிளை, மழைக்குப் பிறகு வழுக்கும் தண்டு, மட்டைக்குள் ஒளிந்திருக்கும் கதண்டுக் கூடு, தோப்புக்கு நடுவே போகும் மின்கம்பி. அலுமினியக் கம்பில் தொரட்டி கட்டிப் பறிக்கும்போது கம்பி பட்டால் தரையில் நிற்பவருக்கும் தப்பில்லை. வியாபாரி நட்டத்தை அடுத்த சீசனில் ஈடுகட்டலாம். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு அடுத்த சீசன் கிடையாது.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

‘ஒரு மரம் ஏறி இறங்க அஞ்சு நிமிஷம். அதுக்கு இவ்வளவா?’ இது எல்லாத் தோப்பிலும் கேட்கிற வசனம். லோகோ டிசைன் செய்து தரும் ஃப்ரீலான்ஸரிடம் ‘அரை மணி நேர வேலைதானே ப்ரோ’ என்று கேட்பது போலத்தான் இதுவும். தனியாகத் தொழில் செய்பவரின் ரேட்டில் வேலை நேரம் மட்டுமா இருக்கிறது? வேலை இல்லாத நாட்கள், கருவிச் செலவு, போக்குவரத்து, நோய், விபத்து, வயதான காலம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு பி.எஃப். என்ற பெயரில் தனியாக வருவது, இவருக்கு அந்த ஒரே கூலிக்குள் இருந்து வர வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. கூலி ஊருக்கு ஊர் மாறும், எனவே இதை உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தென்னைக்கு 30 ரூபாய், ஒரு நாளைக்கு 40 மரம் என்றால் 1,200 ரூபாய். ‘ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறா!’ என்று தோன்றும். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய்தான் என்பதை வைத்துப் பார்த்தால் பெரிய தொகைதான்.

ஆனால் மழை பெய்தால் ஏற முடியாது. காற்று பலமாக அடித்தால் ஏற முடியாது. வெட்டு இல்லாத நாளும் உண்டு. தினமும் 40 மரம் ஏறினால் தொடையும் தோளும் தாங்காது. மாதத்தில் 15 நாள் வேலை என்று வைத்தால் 18,000. பெட்ரோல், அரிவாள், கயிறு, தளை என்று நாளுக்கு 200 ரூபாய் போனால் மிச்சம் 15,000. இதில் விடுப்பு இல்லை, போனஸ் இல்லை, காப்பீடு இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் இதே வேகத்தில் ஏறவும் முடியாது. அதாவது, முப்பது வருடத்தில் சம்பாதிப்பதை வைத்து ஐம்பது வருடம் வாழ வேண்டும்.

இப்போது அதே மரத்தை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நல்ல மரம் ஆண்டுக்கு நூறு காய் தரும், எட்டு வெட்டு என்று வைத்தால் ஒரு வெட்டுக்குப் பன்னிரண்டு காய். காய் 12 ரூபாய்க்குப் போன காலத்தில் அந்த மரத்திலிருந்து ஒரு தடவை இறங்கியது 144 ரூபாய். ஏறிய கூலி 30 என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. காய் 25 ரூபாய்க்குப் போனால் இறங்கியது 300. கூலி அதே 30 என்றால் பத்தில் ஒரு பங்கு.

விலை அப்படி ஏறுமா? ஏறியிருக்கிறது. அரவைக் கொப்பரைக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை 2014-ல் குவிண்டாலுக்கு 5,250 ரூபாய். 2025-ல் 11,582. இரண்டு மடங்குக்கும் மேல். 2025 நடுவில் சந்தையில் தேங்காய் விலை இதுவரை இல்லாத உயரத்துக்குப் போனதை சட்னி அரைத்த எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். கூலி பேசும்போது ‘போன வருஷம் கொடுத்ததுதானே’ என்று ஆரம்பித்தால், விலையேற்றத்தில் ஏறுபவருக்குப் பங்கு இல்லை என்று அர்த்தம். விலை விழும்போது மட்டும் ‘மார்க்கெட் டல்லுண்ணா, பார்த்துக் கொடுக்கிறேன்’ என்ற பேச்சு உடனே வந்துவிடும்!

புளிக்கு நிலைமை கொஞ்சம் வேறு. சிறு வன விளைபொருட்களுக்கு மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கும் திட்டம் 2013-14-ல் வந்தது. அதில் முதல் பட்டியலிலேயே புளி உண்டு. 2020-ல் கொட்டையோடு உள்ள புளிக்குக் கிலோ 36 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. ஆனால் அது சேகரித்து விற்கும் பழங்குடி மக்களுக்கான விலை. கூலிக்கு ஏறி உலுக்குபவருக்கு அதில் எந்தப் பிடிமானமும் இல்லை.

இங்கிலாந்திலும் இதே சண்டைதான்

வெளிநாட்டில் மரம் வெட்டுவதும் கிளை கழிப்பதும் பெரிய தொழில். பிரிட்டனில் நாள் கூலிக்கு வரும் ஃப்ரீலான்ஸ் கிளைம்பர்களுக்கும் நிறுவன உரிமையாளர்களுக்கும் இடையே தகராறு கிட்டத்தட்ட இங்கே உள்ளதுதான். ‘வண்டி, மெஷின், இன்சூரன்ஸ், வரி எல்லாம் எங்களுடையது’ என்பார் உரிமையாளர். ‘கயிறு, சேணம், ரம்பம், முதுகுவலி எங்களுடையது’ என்பார் ஏறுபவர்.

பெரிய வித்தியாசம், அங்கே இரு தரப்பும் ஒரு சட்டத்துக்கு மேல் நின்று பேரம் பேசுகிறார்கள். உயரத்தில் வேலை செய்வதற்கென்றே 2005-ல் தனி விதிமுறைகள் வந்தன. ஆளைத் தாங்கும் கயிறு, கருவிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்பது 1998 விதி. கயிறு இல்லாமல் ஏறச் சொல்லி ரேட்டைக் குறைக்க முடியாது. இங்கே முதலில் குறைவதே கயிறுதான். பாதுகாப்புப் பட்டை மாட்டி ஏறினால் நேரம் கூடும். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி இருந்தால், நேரம் கூடினால் வருமானம் குறையும். கூலி முறையே கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறது. ‘நம்ம ஆளுங்களுக்கு சேஃப்டி புரியல’ என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் குறைந்தபட்சக் கூலி. 1948 சட்டத்திலேயே ஒரு விஷயம் தெளிவாக இருந்தது: கூலி எண்ணிக்கைக் கணக்கில் கொடுக்கப்பட்டாலும், நேரக் கணக்குக்கு நிர்ணயித்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி தொடர்கிறது. ‘மரத்துக்கு இவ்வளவுனு பேசியாச்சு, அதனால குறைந்தபட்சக் கூலி பொருந்தாது’ என்று யாராவது சொன்னால், அது தவறு.

ஆனால் இதெல்லாம் ‘தொழிலாளி - முதலாளி’ உறவு இருந்தால்தான். ‘அவர் என் ஆள் இல்லைங்க, காண்ட்ராக்ட்ல வந்தவரு’ என்று சொல்லிவிட்டால்? இங்கேதான் இரண்டு பழைய தீர்ப்புகள் உதவுகின்றன.

குஜராத் பக்கத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு ‘அகாரியா’ என்று பெயர். சீசனுக்கு மட்டும் வருவார்கள், குறிப்பிட்ட வேலை நேரம் கிடையாது, தேவைப்பட்டால் துணைக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள், கூலி எடைக் கணக்கில். ‘இவர்கள் தனி ஒப்பந்ததாரர்கள்’ என்றது தாரங்கதாரா கெமிக்கல் நிறுவனம். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. துணைக்கு ஆள் இருந்தாலும் அவர்களும் தாங்களே இறங்கி வேலை செய்கிறார்கள், வேலையை எப்படிச் செய்வது என்பதில் நிறுவனத்தின் கட்டுப்பாடு இருக்கிறது, எனவே தொழிலாளர்களே என்றது. 1973-ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் இன்னும் ஒரு படி. துண்டுக்கு இவ்வளவு என்று தைத்தவர்கள், வேறு கடைக்கும் தைக்கலாம் என்ற நிலையிலும், கடையின் ஊழியர்களாகவே கருதப்பட்டார்கள்.

புளி உலுக்குபவருக்கு இதை அப்படியே பொருத்த முடியுமா? பாதி பொருந்தும். எந்த மரம், எந்த நாள், எந்தப் பழத்தை விட வேண்டும் என்று சொல்வது வியாபாரிதான். ஆனால் அந்த டெய்லர்கள் ஓட்டியது கடைக்காரரின் மெஷின். இங்கே அரிவாளும் கயிறும் ஏறுபவருடையவை. ஒரே நாளில் இரண்டு தோப்புக்காரர்களிடம் வேலை செய்பவரை எந்த ஒருவரின் ஊழியர் என்று சொல்வது? வழக்கு என்று போனால் இதற்குத்தான் வருடங்கள் ஆகும்.

விழுந்துவிட்டால்?

இதுதான் உண்மையான பணக் கேள்வி. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், பனை இறக்குவது, மரம் வெட்டுவது போன்ற வேலைகளைத் தன் பட்டியலிலேயே பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. தற்காலிக வேலைக்கு வந்தவர் என்று ஒதுக்கும் வாசகம் 2000-ல் நீக்கப்பட்டது. இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. பழைய சட்டத்தின் கணக்கு இது: வேலையில் இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். கூலிக்கு உச்சவரம்பு 2020 முதல் 15,000 ரூபாய். 40 வயதுக்கான எண் 184.17.

மேலே போட்ட உதாரணத்தில் மாதம் 15,000 வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதில் பாதி 7,500. பெருக்கினால் 13,81,275 ரூபாய். இது கருணைத் தொகை இல்லை, வேலை கொடுத்தவர் தர வேண்டிய கடன். நடுவில் ஒரு மேஸ்திரி இருந்தாலும் வேலையை விட்டவரிடமே கேட்கலாம். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம்.

ஊரில் நடப்பது வேறு. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம், காரியத்துக்குக் கொஞ்சம், பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு தொகை பேசி முடித்துவிடுவார்கள். சட்டம் சொல்லும் தொகை அந்தப் பேச்சில் வருவதே இல்லை. வந்தாலும், ஒரு சீசன் வியாபாரம் செய்யும் சிறு வியாபாரியிடம் 13 லட்சம் எங்கே இருக்கும்? ஃபேக்டரி முதலாளி இன்சூரன்ஸ் எடுத்து இதைச் சமாளிக்கிறார். புளி வியாபாரத்தில் அந்தப் பழக்கமே வரவில்லை. இங்கே உண்மையில் காணாமல் போயிருப்பது அந்த பிரீமியம்தான்.

இன்னொரு விஷயம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆனால் அது சாலை விபத்துக்கு. சாலையோரப் புளியமரத்திலிருந்து சாலையில் விழுந்தாலும், அது சாலை விபத்து இல்லை.

இப்போதைக்கு என்னென்ன கிடைக்கும்?

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற ஆறு நாள் பயிற்சியைத் தொடங்கியது. ஏறும் கருவியும் அதில் உண்டு. கருவி என்றதும் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரி ஜோசப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. பள்ளிப்படிப்பை முடிக்காத அந்த விவசாயி உருவாக்கிய கருவிதான் பலரைத் தென்னையில் ஏற்றியது. தென்னை ஏறுபவர்களுக்கும் நீரா இறக்குபவர்களுக்கும் வாரியத்தின் ‘கேரா சுரக்ஷா’ காப்பீடு உண்டு. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. உயிரிழப்புக்கான தொகை 5 லட்சமாக இருந்து 7 லட்சமாக உயர்ந்தது. ஆனால் பெயரிலேயே இருக்கிறது, இது தென்னைக்கு. புளியமரம் ஏறுபவருக்கு இப்படி ஒரு வாரியம் இல்லை.

பனை ஏறுபவர்களுக்கு 2006-ல் தமிழ்நாடு அரசு தனி நல வாரியமே அமைத்தது. விவசாயக் கூலிகளுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர் விபத்தில் இறந்தால் தரும் தொகை 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக அறிவிக்கப்பட்டது. இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது.

எல்லாவற்றையும் விட எளிதானது, பிரதமரின் சுரக்ஷா பீமா. வங்கிக் கணக்கு இருந்தால் போதும், வயது 18 முதல் 70 வரை, ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 2 லட்சம். எந்த மரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு மே கடைசியிலும் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும். புளி சீசன் முடிந்து கையில் காசு தீர்ந்திருக்கும் நேரம் அது.

ஆள் கிடைக்காதபோது கூலி ஏறாதா?

ஏறும். ஏறிக்கொண்டும் இருக்கிறது. இளைஞர்கள் ஓசூர் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். மரம் ஏறுபவர் மகன் மரம் ஏறுவதில்லை. சம்பளம் மட்டும் காரணம் இல்லை. மரம் ஏறும் தொழிலின் பெயரையே சாதி வசவாக மாற்றி வைத்திருந்த சமூகம் இது. எந்த அப்பாவும் அதைப் பிள்ளைக்கு விட்டுப்போக விரும்ப மாட்டார்.

அதனால் இன்று பேரம் பேசும் பலம் ஏறுபவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ‘அண்ணா, நாளைக்கு வந்துடுங்க, காய் முத்திப் போச்சு’ என்று வியாபாரிதான் போன் போடுகிறார். ஆனால் அந்தப் பலத்தில் மரத்துக்கு அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் கூடுகிறதே தவிர, காப்பீடும் கயிறும் பேச்சில் வருவதில்லை. கையில் வரும் காசு கண்ணுக்குத் தெரியும், வராத விபத்து தெரியாது.

வியாபாரி கையில் ஒரு நோட்டு இருக்கும். எந்தத் தோப்பு, எத்தனை காய், எத்தனை மூட்டை, வண்டிக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஏறியவர் பெயர் இருக்காது, ‘ஏத்துக் கூலி’ என்று ஒரே வரி. இழப்பீடு கேட்டுப் போகும் குடும்பத்திடம் முதலில் கேட்கப்படுவது, அவர் அன்றைக்கு அங்கே வேலை செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். இப்போது சில தோப்புகளில் கூலி ஜிபே-யில் போகிறது. தேதி, தொகை, கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர் எல்லாம் போனில் அப்படியே நிற்கும்.